செல்வி கல்லைத் துடைத்துத்தான் வைத்தாள்

குற்றாலத்துத் தோப்பில் அன்று காலை நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "செல்வி துடைச்சுத்தான் வச்சா. இது சாக்கோட தடம். சாக்குல சுத்துனது இவன்." மூன்றே வாக்கியங்கள். உன் பெரியத்தை கையில் தூக்கிப் பிடித்திருந்த துருவேறிய தோசைக்கல்லைக் கீழே வைப்பதற்குள் சொல்லி முடித்திருக்கலாம். சொல்லவில்லை. பதினோரு பேர் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். உன் மனைவி செல்வி முதலில் உன்னைப் பார்த்தாள். நீ கூடாரத்துக் கயிற்றை இழுத்துக் கட்டுவதுபோலத் திரும்பிக்கொண்டாய். அதன் பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் ரவைப் பொட்டலத்தைப் பிரித்து, "இன்னைக்கு உப்புமா போதும், கல்ல அங்கிட்டு வைங்க" என்றேன்.

தாயும் மகனுமாக நாம் ஒரே வீட்டில் இருக்கிறோம். காலையில் உனக்குக் காப்பி கொடுக்கிறவள் நான்தான். அப்படி இருந்தும் ஊரார் படிக்கிற பத்திரிகையில் இதை எழுதக் காரணம், நீ அந்தப் பொய்யைத் தனியாகச் சொல்லவில்லை என்பதுதான். பதினோரு பேர் முன்னால் சொன்னாய். அந்தப் பதினோரு பேர் இன்னும் நாற்பது பேரிடம் சொன்னார்கள். அதை அடுப்படியில் வைத்து நீயும் நானும் மெதுவான குரலில் பேசித் தீர்த்துக்கொண்டால் அவளுக்கு என்ன கிடைக்கும்? பதினைந்து வருடமாக அச்சகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்துகிறேன். ஒரு பக்கத்தில் விழுந்த பிழையை இன்னொரு பக்கத்தில் திருத்த முடியாது என்பது நான் கற்ற முதல் பாடம். நம் வீட்டுச் சங்கதி எதையும் நான் வெளியே பேசுகிறவள் இல்லை. இதை எழுதும்போதும் கை கூசத்தான் செய்கிறது. கூசட்டும்.

அந்தக் கல்லைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? சூடாகத் தோசை வந்தது என்பது தெரியும். கல்யாணமான புதிதில், எனக்குப் பதினெட்டு வயது நிறையாத பருவத்தில், விருதுநகர் பஜாரில் வாங்கிய வார்ப்பிரும்புக் கல் அது. வாங்கிய முதல் வருடத்தில் மூன்று தடவை அதைக் கெடுத்தேன். ஒரு தடவை ராத்திரி தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு, காலையில் செங்கல் கரைத்ததுபோல் நின்ற தண்ணீரைப் பார்த்து அழுதேன். இன்னொரு தடவை, துருப்பிடிக்கக் கூடாதே என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றி வைத்தேன். அது பிசினாகி, தூசி ஒட்டி, முதல் தோசையோடு உரிந்து வந்தது. மூன்றாவது தடவை, அதில் புளிக்குழம்பு சுடவைத்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். சூடு ஆறுவதற்குள் வெந்நீர் விட்டு நாரால் தேய்க்க வேண்டும். கொதிக்கிற கல்லில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும். துணியால் துடைத்தது போதாது, கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் இருக்கும். மறுபடி அடுப்பில் ஏற்றி அதைப் போக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவி, தடவியதையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். மிச்சம் நிற்பதுதான் கல்லுக்குக் காவல்.

செல்வி ஏழாயிரம்பண்ணையிலிருந்து நம் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் அம்மா காலை ஆறரைக்கு வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். அந்த வீட்டில் தோசை ஊற்ற ஏது நேரம்? நான்கு மாதம் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். குற்றாலத்துக்குக் கல்லையும் கொண்டுபோக வேண்டும், தோப்பில் கூடாரம் போட்டு மூன்று நாள் நாமே சமைக்கலாம் என்று நீ சொன்ன அன்றே அவள் என்னிடம் கேட்டாள்: "அங்க பூராம் சாரல்ல நனைஞ்சு கெடக்குமே அத்தை. கல்லு துருப்புடிச்சிராதா?" கேட்டது அவள்தான். நீ இல்லை. உன் அப்பா இல்லை. நானும் அவளும் உட்கார்ந்து யோசித்தோம். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயப்போட்டாள். சின்ன மருந்துப் பாட்டிலில் எண்ணெய் எடுத்தாள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளேயே வியர்த்துவிடும், மண்ணில் வைத்தால் கீழிருந்து ஈரம் ஏறும், அதனால் வேட்டித் துணியில் சுற்றிப் பலகைமேல் கூடாரத்துக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பலகையையும் அவள்தான் தேடி எடுத்தாள். நம் பழைய அரிவாள்மணையின் பலகை.

முதல் நாள் மத்தியானம் அவள் ஊற்றிய தோசைகளை யாரும் எண்ணவில்லை. மாவு தீரும்வரை ஊற்றினாள். உன் பெரியத்தை நான்காவது தோசையைக் கேட்டு வாங்கியபோது, "ஏத்தா, ஒன் கைக்கு வளையல் போடணும்டி" என்றாள். இதை நினைவில் வைத்துக்கொள். மறுநாள் காலை அதே வாயிலிருந்து வந்தது வேறு. அன்று சாயங்காலம் எல்லாரும் அருவிக்குக் கிளம்பும் நேரத்தில் செல்வி மட்டும் கங்குக்கு முன்னால் குந்தியிருந்தாள். கல்லைத் தேய்த்தாள், துடைத்தாள், கங்கில் காட்டினாள், நீர்ப்பொட்டு ஒவ்வொன்றும் சுருங்கி மறையும்வரை காத்திருந்தாள், எண்ணெய் தடவினாள், துடைத்தாள். உன் அப்பாகூட, "கல்லுக்கு ஒத்தடம் குடுக்கியாத்தா?" என்று கேலி செய்தார். அவள் சிரித்தாள். வேட்டியில் சுற்றிக் கூடாரத்து மூலையில் பலகைமேல் வைத்துவிட்டுத்தான் அருவிக்கு வந்தாள். துண்டை மறந்து வந்துவிட்டு, ஈரத் தலையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்ததும், இருட்டுவதற்கு முன்னால் நீ செய்ததை நான் பார்த்தேன். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீயும் உன் பெரியத்தை மகன்களும் சீட்டு விளையாடக் கூடாரத்துக்குள் இடம் தேடினீர்கள். மூலையில் இருந்த கல் இடைஞ்சல். நீ அதை வெளியே எடுத்தாய். வேட்டியை உருவி உன் காலில் இருந்த சேற்றைத் துடைத்தாய். காரின் பின்பக்கத்தைத் திறந்து, நீ வேலை பார்க்கிற பட்டாசுக் குடோனிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சாக்கை எடுத்து, அதில் கல்லைச் சுற்றிக் காருக்கு அடியில் காலால் தள்ளினாய். ஆமாம், காலால். "எலே, நனையப் போகுதுடா" என்று ஒருவன் சொன்னான். "ஒண்ணும் ஆவாது, சாக்கு இருக்கு" என்றாய்.

அது என்ன சாக்கு என்று உனக்குத் தெரியும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் தெரிவது அது. பட்டாசுக்குப் போடுகிற வெடியுப்பு வந்த சாக்கு. கம்பெனிச் சாக்கை வீட்டுக்குள் கொண்டுவராதே, அதில் அரிசி கட்டாதே, அதன்மேல் பிள்ளையைப் படுக்கவைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு சீசன் நானும் கம்பெனியில் இருந்தவள்தான். அந்த உப்பு விரலில் ஒட்டும்போது ஒரு குளிர்ச்சி தெரியும். கழுவியதாக நினைத்த சாக்கின் தையலிலும் அது இருக்கும். ஈரம் பட்டால் கரைந்து இறங்கும். இரும்பைத் தின்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? நம் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. ஆபத்தோடு பழகிப் பழகி, ஆபத்து வந்த சாக்கில் சோற்றுச் சாமானைக் கட்டுகிறோம்.

சரி, நான் பார்த்தேன். பிறகு ஏன் எழுந்துபோய் எடுக்கவில்லை? நீ விளையாடிவிட்டு உள்ளே எடுத்துவைப்பாய் என்று நினைத்தேன். இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் உன்னை அதட்டினால், "வந்த எடத்துலயும் ஆரம்பிச்சுட்டா" என்று உன் அப்பா சொல்வார். அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். அப்புறம் மறந்தேபோனேன்.

காலையில் கல்லைத் தேடியவள் செல்வி. காருக்கு அடியில் கிடந்ததை நீதான் எடுத்து வந்தாய். வரும் வழியிலேயே சாக்கை உருவிக் காருக்குள் போட்டுவிட்டுக் கல்லை மட்டும் அடுப்பருகே வைத்தாய். கல்லின் முகம் முழுக்கச் சிவந்திருந்தது. சாதாரணத் துரு திட்டுத்திட்டாகப் பூக்கும். இது பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக, கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது எழுத்து. என்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. உனக்குப் படிக்கத் தேவையில்லை.

"யாத்தே, என்னடி இது?" என்றாள் உன் பெரியத்தை. கல்லின் காதைப் பிடித்துத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். "நேத்துத்தான தேய் தேய்யின்னு தேச்ச?"

"நல்லாத் தொடைச்சுத்தான் வச்சேன் பெரியம்மா. எண்ணெயும் போட்டேன்."

"எண்ணெ போட்ட கல்லா இது? ஒரு ராத்திரி ஒன் கையில தங்க மாட்டேங்குதே."

அப்போது நீ வாயைத் திறந்தாய். "நான் அப்பவே சொன்னேன் அத்தை, நல்லா காயவச்சு வையிடின்னு. அருவிக்குப் போற அவசரம். கேட்டாத்தான?"

அவள் உன்னைப் பார்த்தது அப்போதுதான். வேட்டி எங்கே போயிற்று என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். உன் செருப்புக்குப் பக்கத்தில்தான் சேற்றோடு கிடந்தது. உன் பெரியத்தை சிரித்துக்கொண்டே, "கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல. சில பேரு தொட்டா இரும்பும் துருவாகும்" என்றாள். உன் அப்பா சிரித்தார். முந்தின நாள் நீ சுற்றியதைப் பார்த்த உன் சீட்டுக் கூட்டாளிகளும் சிரித்தார்கள். நீ சிரித்தாய். நான் உப்புமா என்றேன். அந்தக் கல்லில் மட்டும் யாரும் எதையும் சுட்டுத் தின்றுவிடக் கூடாது என்பதுதான் அந்த நிமிடம் என் மண்டைக்குள் ஓடியது. அதை மட்டும் காப்பாற்றினேன். காரணம் சொல்லாமல் கல்லை ஒதுக்கியதால், மாமியாரே தீர்ப்பு எழுதிவிட்டாள் என்று பதினோரு பேரும் எடுத்துக்கொண்டார்கள். உன் பொய்க்கு முத்திரை குத்தியது நான்.

வெறும் துருவென்றால் எனக்கு ஒரு மத்தியானம் போதும். கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, காயவைத்து, எண்ணெய் தடவிச் சுட்டு, பாதி வெங்காயத்தால் தேய்த்து நாலு நாளில் பழக்கிவிடுவேன். சாக்கின் உப்பு ஊறிய கல்லை நம்பி மருமகளுக்கும் மகளுக்கும் தோசை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. பழைய இரும்போடு போட்டுவிட்டேன். இருபத்து மூன்று வருடக் கல் போனதற்காக நான் கோபப்படுவதாக நீ இன்னும் நினைக்கிறாய். ஊருக்குத் திரும்பும்போது காரில் அப்படித்தானே சொன்னாய்: "ஏம்மா, ஒரு கல்லுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? புதுசு வாங்கித் தாரேன்." பின் இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நீ எதையும் புதிதாக வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை.

உனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். யோசிக்க நெடுநேரம் ஆகவில்லை. உனக்கு ஒன்பது வயது. அச்சகத்திலிருந்து மடிப்பு வேலைக்குக் கொண்டுவந்த தாள்கட்டின்மேல் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாய். சாயங்காலம் அப்பா வந்து, "எவன் பார்த்த வேல?" என்று கத்தினார். உனக்கு அடி விழும். உன் தங்கையை அவர் அடிக்க மாட்டார். அதனால் நான், "பாப்பா தெரியாமத் தட்டிட்டா" என்றேன். ஏழு வயதுப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. அடி விழவில்லை, நாலு வார்த்தையோடு போயிற்று, யாருக்கும் நட்டமில்லை என்று அன்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்தேன். நட்டம் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் குற்றத்தை அவள்மேல் இறக்கி வைக்கலாம், அவள் தாங்கிக்கொள்வாள், வீட்டில் சண்டை வராது என்பதை அன்று நீ என்னிடம் படித்தாய். நான் நல்ல வாத்தியார். போன மாதம் உன் தங்கை கல்லூரியிலிருந்து வந்தபோது இதைக் கேட்டேன். "ஞாபகம் இருக்காம்மா ஒனக்கு? நான் மறந்துட்டேன்னு நெனச்சியா?" என்றாள்.

குற்றாலத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதையும் விழுங்கியிருப்பேன். எனக்கு விழுங்கத் தெரியும். ஆவணியில் உன் பெரியத்தை விருதுநகரில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினாள். பால் பொங்கியதும், கழுத்தில் தாலியோடு இருக்கிற கட்டுக் கழுத்திகள் ஒவ்வொருவராகப் போய்ப் பொங்கல் பானையில் ஒரு கை அரிசி போடுவது நம் வீடுகளில் வழக்கம். புதிதாகக் கல்யாணமான பெண்ணைத்தான் முன்னால் கூப்பிடுவார்கள். செல்வி குளித்து, பட்டுச்சேலை கட்டி, வரிசையில் இரண்டாவதாக நின்றாள். அவள் கையில் அரிசியும் எடுத்துவிட்டாள். உன் பெரியத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்து, "நீ வேணாம்த்தா. பந்திக்கு எல போட ஆளில்ல, அங்கிட்டுப் போ" என்றாள். பின்னால் யாரோ, "துருப்புடிச்ச கைல்ல" என்றது எல்லாருக்கும் கேட்டது. நான்கு பேர் சிரித்தார்கள். அவள் அரிசியை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றாள். அப்புறம் அதை மூட்டைக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டாள். நீ வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தாய். நீ பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். "வெளையாட்டுக்குச் சொல்றாக. அதப் போயிப் பெருசாக்கிக்கிட்டு" என்றாய். யார் விளையாடுகிறார்கள்? நீ விளையாடினாய், உன் அத்தை விளையாடினாள். அவள் விளையாடவில்லையே. ஒரு கையை ராசியில்லாத கை என்று ஒரு குடும்பம் முடிவு கட்டிவிட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று உனக்குத் தெரியாதா? நாளை ஒரு வளைகாப்பில் அவளை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவள் தூக்கியதால் என்பார்கள். உனக்குச் சம்பளம் குறைந்தாலும் அவள் கையைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு நீயும் பார்ப்பாய். நீ சொன்ன பொய்யை நீயே நம்பும் நாள் வரும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். துருவை உவமையாக்கி உனக்கு வாழ்க்கைத் தத்துவம் சொல்லப் போவதில்லை. துரு துருதான். யாரோ ஒருவர் ஈரத்தில் விட்டால் வருகிறது. யார் விட்டது என்று கேட்டால் பெயர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆவணிக் கடைசியில் உன் பெரியத்தை பேரனுக்குக் காதுகுத்து. அதே பதினோரு பேரும் வருவார்கள். மொட்டை அடித்து முடிந்து, பந்திக்கு உட்காருவதற்கு முன்னால், நீ எழுந்து நின்று சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காதே. "அவ சரியாத்தான் வச்சா, நாந்தான் சாக்குல சுத்திக் காருக்கு அடியில தள்ளுனேன், பழிய அவ மேல போட்டேன்" என்று சொல். சிரிப்போடு சொல்லாதே. சிரித்துக்கொண்டே சொன்னால் அதுவும் ஒரு விளையாட்டாகிவிடும். நீ சொல்லி முடித்ததும், பார்த்துக்கொண்டிருந்தும் வாயை மூடிக்கொண்டவள் நான் என்று நான் சொல்வேன். உன் அப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும். இருபத்து மூன்று வருடம் அந்தக் கோபத்துக்குப் பயந்து நான் சொன்ன பொய்களில் ஒன்றாவது இந்த வீட்டுக்கு நல்லது செய்திருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. அதற்கு முன்னால் செல்வியிடம் தனியாகப் போய் உட்கார். அவள் கோபப்பட்டால் கேட்டுக்கொள். அவள் பேசாமல் இருந்தால், அது மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நான் எத்தனையோ வருடம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

இதுவரை எழுதி முடித்ததும் முதலில் செல்வியிடம்தான் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "பேர மட்டும் மாத்தீருங்க அத்தை" என்றாள். மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை உன்னிடம் கொடுத்தேன். நீ படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாய். அவளிடம் எதுவும் பேசவில்லை. சனிக்கிழமை காலை அவள் ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தில், பந்திக்கு முன்னால், நீ எழுந்து நின்று சொன்னாய். சிரிக்காமல்தான் சொன்னாய். நானும் சொன்னேன். உன் பெரியத்தை, "சரி விடுலே, சாப்புட வாங்க" என்றாள். செல்வி அங்கே இல்லை. அவள் ஊருக்குப் போய் இன்றோடு இருபது நாள் ஆகிறது. அவள் அம்மாவோடு காலை வேனில் கம்பெனிக்குப் போய்வருகிறாள். நீ இரண்டு தடவை கூப்பிடப் போனாய், இரண்டு தடவையும் தனியாகத் திரும்பி வந்தாய்.